அல்மொதோவார் கோட்டை: போகலாமா, வேண்டாமா?

தூரதேசி

ஏப்ரலில் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், கொர்தோபா, செவில் என்று வழி முடிவாகிவிட்டது. விசா வந்துவிட்டது, ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நடுவில் ஒரு நாளை மலைக்கோட்டை பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கோட்டை என்பதில்தான் வீட்டில் சண்டை.

கொர்தோபாவுக்கு மேற்கே, குவாதல்கிவிர் ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருக்கும் அல்மொதோவார் டெல் ரியோ கோட்டைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் மனைவி. படங்களில் பார்த்தால் ஒரு கல்கூடப் பெயராமல் நிற்கிறது. என் மைத்துனர் ஐரோப்பாவில் பல வருடம் குப்பை கொட்டியவர். "அது நூறு வருடக் கட்டடம், இடைக்கால வேடம் போட்டிருக்கிறது. நிஜக் கோட்டை வேண்டுமானால் வடக்கே லொவார்ரேக்குப் போங்கள்" என்று போன் செய்து மிரட்டுகிறார்.

கூட வருபவர்கள்: எழுபதைத் தாண்டிய அப்பா (மூட்டுவலி உண்டு, அதைச் சொன்னால் கோபம் வரும்), பத்து வயது மகள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். மைத்துனர் சொல்வது சரியா?

கொர்தோபாவாசி

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். நான் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை எல்லாம் அங்கே அழைத்துப் போவது என் தலையெழுத்து. ஆனாலும் அலுக்கவில்லை.

கொர்தோபாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், பஸ் உண்டு. சமவெளியில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே குன்று தனியாக எழுந்து நிற்பது தெரியும். ஆற்றையும் பாதையையும் ஒருசேரக் கண்காணிக்க இதைவிட நல்ல இடம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் அரண் கட்டியதும் அதற்காகத்தான். 1240-இல் காஸ்தில் அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோவிடம் சண்டையில்லாமல், உடன்படிக்கையில் கைமாறியது. பதினான்காம் நூற்றாண்டில் முதலாம் பேத்ரோ இதை மாளிகையாகவும் கருவூலமாகவும் சிறையாகவும் பயன்படுத்தினார். தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த தம்பி தெல்யோவின் மனைவி ஹுவானா தெ லாராவை இங்கேதான் அடைத்து வைத்தார். பேத்ரோவுக்குக் 'கொடியவர்' என்று ஒரு பட்டப்பெயர், 'நீதிமான்' என்று இன்னொரு பட்டப்பெயர். எதைச் சொல்வது என்பது எந்தக் கட்சிக்காரர் கதை சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

மேலே ஏறினால் ஒரு பக்கம் ஆறு வளைந்து போவது தெரியும், மறுபக்கம் சியர்ரா மொரேனா மலைத்தொடர். கீழே ஆரஞ்சுத் தோப்புகள். உங்கள் மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு இங்கே நடந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது, அதுதான் ஒரே தொல்லை.

வரலாற்றுப் பித்தன்

மைத்துனர் சொல்வது முழுக்கச் சரி. கொர்தோபாவாசி அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார். 1629-இல் நான்காம் பிலிப் அரசர் பணமுடையில் இந்தக் கோட்டையைத் தனியாருக்கு விற்றுவிட்டார். அதன்பின் நாளாக நாளாகப் பாழாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது சரிந்த மதில்களும் பாதிக் கோபுரங்களும்தான் மிச்சம். பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள்.

1901-இல் வாரிசான தோர்ரால்வா பிரபு, செவில் பேராலயத்தைச் சீரமைத்த கட்டடக் கலைஞர் அதோல்ஃபோ ஃபெர்னாண்டெஸ் காசனோவாவை அழைத்து வேலையைத் தொடங்கினார். 1936 வரை, உள்நாட்டுப் போர் வெடிக்கும் ஆண்டு வரை, வேலை நடந்தது. காசனோவா 1915-லேயே இறந்துவிட்டார், அதற்குப் பிறகும் நிற்கவில்லை. உள்ளே கோத்திக் பாணியில் ஒரு மாளிகையையும் கட்டிக்கொண்டார்கள். இடைக்காலத்தில் அந்த இடத்தில் அப்படி ஒரு மாளிகையே கிடையாது.

அதாவது நீங்கள் பார்த்து வியக்கும் ஞாயில்கள் (மதில் உச்சியில் பல் பல்லாக நிற்பவை), கூர்வளைவு ஜன்னல்கள், அந்த மரக்கூரை எல்லாம் மோட்டார் கார் ஓடத் தொடங்கிய காலத்தவை. ஒரு பணக்காரரின் கனவு வீடு. டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் 'இடைக்காலக் கோட்டையைப் பார்த்தேன்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கொர்தோபாவாசி

பித்தன் ஐயா, அந்தப் பிரபு கைவைக்காமல் விட்டிருந்தால் இன்று என்ன இருந்திருக்கும்? ஊரார் வீடு கட்டக் கல் எடுத்துப் போய் குன்று மொட்டையாகியிருக்கும். ஸ்பெயினில் எத்தனை கோட்டைகள் அப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியாததா?

வரலாற்றுப் பித்தன்

காப்பாற்றுவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. சரியும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், விரிசலை அடையுங்கள், மழைநீர் இறங்காமல் மூடுங்கள். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். எது இருந்தது என்று தெரியாத இடத்தில் 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று எழுப்புவது சரித்திரம் அல்ல, புனைகதை.

சாந்தும் கல்லும்

பழைய கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன், பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து வேலை. நீங்கள் இருவரும் போடும் சண்டை நூற்றைம்பது வருடப் பழைய சண்டை. பிரான்சில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் ஒரு கட்டடத்தை அது எக்காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்றார். இங்கிலாந்தில் எழுத்தாளர் ரஸ்கின், சீரமைப்பு என்பதே கட்டடத்துக்கு நேரக்கூடிய மிக மோசமான அழிவு என்றார். ஸ்பெயினிலும் இரண்டு கட்சி இருந்தது. மறுபடி எழுப்பலாம் என்ற பக்கம் கட்டடக் கலைஞர் விசென்தே லாம்பெரெஸ், இருப்பதைக் காத்தால் போதும் என்ற பக்கம் இன்னொரு கட்டடக் கலைஞர் லெயோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ். பின்னவர் 1923 முதல் 1936 வரை கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பராமரித்தவர். அங்கே விடுபட்ட இடங்களை எளிமையாக, பழையது எது புதியது எது என்று கண்ணுக்குத் தெரியும்படி நிரப்பினார்.

கடைசியில் ஜெயித்தது பால்பாஸ் கட்சிதான். 1933-இல் வந்த மரபுச் சொத்துச் சட்டம் இடிந்ததை மறுபடி எழுப்பும் முயற்சிகளைத் தடை செய்தது. 1949-இல் வந்த ஆணை நாட்டில் உள்ள கோட்டைகள் அத்தனையையும், எவ்வளவு பாழடைந்திருந்தாலும், அரசின் பாதுகாப்பில் கொண்டுவந்தது. 1985 சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: பழைய துண்டுகளையே வைத்துக் கட்டினால் ஒழிய மறுகட்டுமானம் கூடாது, எதையாவது சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் சேர்த்தது தனியாகத் தெரிய வேண்டும், பழையதைக் காப்பியடிக்கக் கூடாது.

அல்மொதோவார் வேலை இந்தச் சட்டங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. இன்றைய சட்டப்படி அதை யாரும் கட்ட முடியாது என்பதும் உண்மை.

ஆனால் பித்தன் அவர்களே, நூறு வருடம் தாண்டிய பிறகு அந்தச் சீரமைப்பே ஒரு வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆண்டலூசிய (தென் ஸ்பெயின்) பிரபு இடைக்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்பதை அந்த மாளிகையைத் தவிர வேறு எங்கே பார்ப்பீர்கள்?

மேட்டுத்தெரு

புதியது தனியாகத் தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டதன் விளைவைத்தான் மத்ரேராவில் பார்த்தோமே! காதிஸ் மாகாணத்தில், குன்றின் உச்சியில் அந்தப் பழைய கோபுரம். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முன்பல் உடைந்தவருக்கு அளவில்லாத பீங்கான் பல்லை வைத்து அனுப்பியது போல வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

சாந்தும் கல்லும்

அதைத் திட்டாதவர் கிடையாது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அரண் அது. 2013-இல் பெருமழையில் கோபுரத்தின் பெரும்பகுதி சரிந்தது. மிச்சம் நின்றதும் எந்த நேரமும் விழும் நிலை. கட்டடக் கலைஞர் கார்லோஸ் கெவேதோ ரோஹாஸ் என்ன செய்தார்? நின்ற கற்களை அப்படியே பிடித்து நிறுத்தினார். கோபுரத்தின் பழைய கனஅளவு தெரியும்படி இடையில் புதுச்சுவர் எழுப்பினார். புதுச்சுவருக்குக் கல் தோற்றம் கொடுக்காமல் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் பூசினார். சட்டம் கேட்டதைச் செய்தார், அவ்வளவுதான்.

2016 மார்ச்சில் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஸ்பெயினின் மரபுச் சின்னப் பாதுகாப்புச் சங்கமான இஸ்பானியா நோஸ்த்ரா கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு ஒரு சர்வதேசக் கட்டடக்கலை விருதில், பாதுகாப்புப் பிரிவில், பொதுமக்கள் வாக்கில் அதே கட்டடம் வென்றது. இரண்டும் நடந்தது ஒரே சுவருக்கு.

என் கருத்தைக் கேட்டால், பொறியியலாக அது நேர்மையான வேலை. அழகா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். சட்டம் 'தெரிய வேண்டும்' என்றது, 'கண்ணைக் குத்த வேண்டும்' என்று சொல்லவில்லை. இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தாலோ, சாந்தில் அந்த ஊர் மண்ணைக் கலந்து நிறத்தை இறக்கியிருந்தாலோ வித்தியாசமும் தெரிந்திருக்கும், சண்டையும் வந்திருக்காது. அந்தத் தொழில்நுட்பம் ஸ்பெயின்காரர்களுக்குக் கைவந்த கலை.

வரலாற்றுப் பித்தன்

இதில் நான் கெவேதோ பக்கம். ஊரே ஆச்சரியப்படலாம். பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அல்மொதோவாரில் அதைச் சொல்ல நிபுணர் வேண்டும்.

சாந்தும் கல்லும்

நிபுணர் எல்லாம் வேண்டாம். எந்தப் பழைய மதிலிலும் செல்லுபடியாகும் சில வழிகள் உண்டு, தூரதேசி தம் மகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

முதலில் கல்லின் விளிம்பு. எழுநூறு வருட மழையும் காற்றும் பட்ட கல்லின் மூலை மழுங்கியிருக்கும், முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், காளான் நிறத்தில் பாசி படர்ந்திருக்கும். அதே சுவரில் மேலே போகப் போக விளிம்பு கூர்மையாகும், கற்களின் உயரமும் சீராகும். அந்த மாற்றம் ஒரு கோடாகவே தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது பிற்கால வேலை.

அடுத்து, கற்களுக்கு இடையே இருக்கும் சாந்து. பழைய சுண்ணாம்புச் சாந்து வெளிர் நிறத்தில் இருக்கும், அதில் மணலும் சில இடங்களில் கரித்துண்டும் கண்ணுக்குத் தெரியும், நகத்தால் கீறினால் லேசாக உதிரும் (கீறாதீர்கள், பார்த்தால் போதும்). சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, இரும்பாட்டம் இறுகியிருந்தால் சிமென்ட். இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கச் செய்த பெரிய தப்பு அதுதான். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் சிக்கிய நீர் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், அதனோடு உப்பும் வரும், உப்பு படிகமாகும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உரிந்துவிடும். சாந்து நிற்கும், கல் கரைந்துவிடும். பல இடங்களில் இப்போது நாங்கள் செய்வதே தாத்தா காலத்துச் சிமென்டை உளியால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடைக்கும் வேலைதான்.

ஆண்டலூசியாவில் இன்னொன்றும் பார்க்கலாம். அங்கே முஸ்லிம் ஆட்சிக்காலத்து மதில்கள் பலவும் கல் மதில்கள் அல்ல. மரப்பலகைகளை இருபுறமும் நிறுத்தி, நடுவில் மண்ணும் சரளையும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து இறுக்கியவை. சுவரில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் தெரியும். அம்பு விடும் துளை என்று நினைத்துப் பலரும் படம் எடுப்பார்கள். பலகையைத் தாங்கிய குறுக்குக் கட்டைகள் இருந்த இடம் அது, கட்டை மக்கிப்போய் ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைப் பளிச்சென்று பார்க்க வேண்டுமானால் ஹாயேன் மாகாணத்தில் பானியோஸ் தெ லா என்சினா என்ற கோட்டை இருக்கிறது. மாட்ரிட்டிலிருந்து கொர்தோபாவுக்குக் காரில் வருபவர்கள் கொஞ்சம் விலகிப் போனால் போதும். உங்களுக்கு ரயில் என்பதால் வழியில்லை.

தூரதேசி

இவ்வளவு நல்ல பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பதில்களை எல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். 'போலி என்றாலும் நல்ல போலிதானே' என்கிறார். சரி, நடைமுறைக்கு வருகிறேன். அப்பாவால் ஏற முடியுமா? லொவார்ரே எப்படி இருக்கும்? அதை ஒரேயடியாகக் கைவிட மனமில்லை.

இரண்டு வாண்டுகளின் அம்மா

அல்மொதோவாருக்குக் குழந்தைகளோடு போய் வந்தேன். சரித்திரம் பெரியவர்கள் பேசட்டும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றம் செங்குத்தாக இருக்கும். காரோ டாக்சியோ பிடித்தால் கோட்டைக்குக் கிட்டே வரை போய்விடலாம், அப்பாவுக்கு அதுதான் நல்லது. உள்ளே முற்றம் வரை சமாளிக்கலாம். கோபுரங்களுக்குப் படிகள்தான், லிஃப்ட் எல்லாம் கிடையாது. அவரை முற்றத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மாறி மாறி ஏறுங்கள். மூட்டுவலி என்று சொல்லாதீர்கள், 'பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா' என்று சொல்லுங்கள்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், பிடிப்பான செருப்போ ஷூவோ போடுங்கள், மதிலோரம் போகும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள். ஏப்ரல் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் கொர்தோபாவில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், அந்தக் கல்தரையில் நடுப்பகலில் நிற்கவே முடியாது.

பெரிய கோபுரத்தின் அடியில் இருட்டான சிறைக்குழி, அதில் கைதிப் பொம்மைகள். என் பெரியவன் அரை மணி நேரம் நகரவில்லை, சின்னவள் அழுதுவிட்டாள். உங்கள் மகளின் குணத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

கொர்தோபாவாசி

அந்தப் பெரிய கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் சுமார் 33 மீட்டர். அது மதிலோடு ஒட்டி நிற்காது, வெளியே தள்ளித் தனியாக நிற்கும், ஒரு கல்பாலம் மட்டும் இணைக்கும். எதிரி மதிலடிக்கு வந்துவிட்டால் பக்கவாட்டிலிருந்து அடிக்கலாம். கோபுரமே எதிரி கையில் விழுந்தாலும் பாலத்தை அடைத்துவிட்டால் கோட்டை தப்பும். ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் கட்டடக்காரர்கள் வளர்த்தெடுத்த உத்தி அது. பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள், ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஸைதா இளவரசியின் ஆவியும் உண்டு. மார்ச் 28-ஆம் தேதி இரவு வெள்ளை உடையில் கோபுரத்தில் அலைவாளாம். கணவன் போரில் செத்ததைக் கனவில் கண்டு, சிறையில் ஏங்கியே உயிர்விட்டாள் என்பது கதை. உங்கள் பயணம் ஏப்ரல் என்பதால் தப்பித்தீர்கள்.

வரலாற்றுப் பித்தன்

ஆவிக் கதையைவிட உண்மைக் கதை நூறு மடங்கு சுவாரசியமானது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? ஸைதா செவில் அரசர் அல்-முஃதமிதின் மருமகள். கணவர் அல்-மஃமூன் கொர்தோபாவின் ஆளுநர். 1091-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொராவிதுகள் கொர்தோபாவை முற்றுகையிட்டபோது மனைவியை அல்மொதோவாருக்கு அனுப்பிவிட்டார். மார்ச் மாதம் நகரம் விழுந்தது, அவர் கொல்லப்பட்டார். இதுவரை கதையும் சரித்திரமும் ஒத்துப்போகின்றன.

அதன்பின் ஸைதா ஏங்கிச் சாகவில்லை. வடக்கே காஸ்தில் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவின் அரண்மனைக்குப் போனார், மதம் மாறி இசபெல் என்று பெயர் பெற்றார், அரசருக்கு ஒரே ஆண் வாரிசான சான்சோவைப் பெற்றார். அந்தப் பையன் 1108-இல் உக்லேஸ் போர்க்களத்தில் இறந்துபோனான். அவன் பிழைத்திருந்தால் ஒரு முஸ்லிம் அரச குடும்பத்து மருமகளின் பிள்ளை காஸ்தில் அரியணையில் ஏறியிருப்பான். அப்படிப்பட்டவரை வெள்ளைப் புடவை ஆவியாக்கி டிக்கெட் விற்கிறார்கள்.

மேட்டுத்தெரு

ஸ்பெயின் ஆவி புடவை கட்டுமா ஐயா?

வரலாற்றுப் பித்தன்

கட்டாது. கோபத்தில் வந்துவிட்டது.

அரகோன் நடையன்

லொவார்ரே பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். வேலை நிமித்தம் சரகோசாவில் இருக்கிறேன், அங்கே அடிக்கடி போவேன்.

தூரதேசி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வழியில் அது இல்லை. ஊயெஸ்கா நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். கார் இல்லாமல் போவது பெரும்பாடு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு வந்தால் சரகோசாவில் வண்டி எடுக்கலாம். கொர்தோபாவில் இருந்துகொண்டு ஒரே நாளில் போய் வரும் இடம் இல்லை. மைத்துனர் வரைபடத்தைப் பார்க்காமல் பேசியிருக்கிறார்.

இனி கோட்டைக்கு வருகிறேன். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாம்ப்லோனா அரசர் மூன்றாம் சான்சோ எல்லைக்காவலுக்குக் கட்டியது. அப்போது கீழே தெரியும் ஊயெஸ்கா சமவெளி முழுக்க முஸ்லிம்கள் கையில். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, வெறும் சுண்ணாம்புப் பாறையின்மீது நிற்கிறது. அடித்தளம் என்று தனியாக எதுவும் இல்லை. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னர் அவருடைய பேரன் சான்சோ ராமிரேஸ் 1070-களில் துறவிகளைக் குடியமர்த்தி உள்ளேயே தேவாலயம் கட்டினார்.

அந்த வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கதவுக்கு மேலே ஒரு சிற்ப வரிசை, நடுவில் அரியணையில் கிறிஸ்து. ஆனால் முகம் கிடையாது. சிற்ப வரிசையின் மேல்பாதி போய்விட்டது, அங்கி மடிப்பும் பாதமும்தான் மிச்சம். சீரமைத்தவர்கள் அதற்கு ஒரு புது முகம் செதுக்கி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் தேவாலயத்துக்கு அடியிலேயே படிக்கட்டு ஏறுகிறது, பக்கத்தில் சின்ன நிலவறைக் கோயில். இருட்டிலிருந்து மேலே வந்தால் தலைக்கு மேல் ஒரு கவிமாடம். எல்லைக்காவல் கோட்டைக்குள் அப்படி ஒன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வெளிமதிலின் கோபுரங்களைச் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகு திறந்திருக்கும். இடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. எதிரி கோபுரத்தைப் பிடித்தாலும் கோட்டையை நோக்கித் திரும்பும்போது ஒளிந்துகொள்ள மறைவு இருக்காது.

ஆனால் ஒன்று, 'லொவார்ரே நிஜம், அல்மொதோவார் போலி' என்று யாரும் சொல்ல வேண்டாம். லொவார்ரேயும் 1906-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, அதன்பின் நன்றாகவே சீரமைக்கப்பட்டதுதான். கைபடாமல் நிற்கும் கோட்டை ஸ்பெயினில் எதுவும் இல்லை.

சாந்தும் கல்லும்

கடைசி வரியை ஆயிரம் முறை சொல்லலாம். செகோவியாவின் அல்காசார் என்ற அரண்மனைக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், மாட்ரிட் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது. 1862 மார்ச்சில் பற்றிய தீயில் கூரையும் உள்ளே இருந்த அலங்கார விதானங்களும் போய்விட்டன. அப்போது அது பீரங்கிப் படைப் பள்ளி. நல்லவேளையாக அதற்கு முன்பே அவ்ரியால் என்ற ஓவியர் அந்த அறைகளை விவரமாக வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பல விதானங்களைத் திரும்பச் செய்தார்கள். 'இடைக்காலம்' என்று நினைத்துப் படம் எடுக்கும் அந்தக் கூர்மையான கருங்கூரைகள் பதினாறாம் நூற்றாண்டில் இரண்டாம் பிலிப் அரசர் போட்ட பாணி.

அங்கே ஆவணம் இருந்தது, அல்மொதோவார் மாளிகைக்கு இல்லை. என்னைப் பொறுத்தவரை பிரிகோடு அதுதான்.

மேட்டுத்தெரு

கோட்டையில் தங்குவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். அரசு நடத்தும் பாராதோர் ஹோட்டல்கள் சில கோட்டைகளுக்குள் இருக்கின்றனவாமே?

அரகோன் நடையன்

இருக்கின்றன. கத்தலோனியாவில் கார்தோனாவில் தங்கியிருக்கிறேன். அறை சுமார்தான், ஆனால் ஹோட்டலைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால் 1040-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான்த் விசென்ஸ் தேவாலயம். ஜன்னலுக்குக் கீழே உப்பு மலை. அந்த உப்பை விற்றுத்தான் கார்தோனா பிரபுக்கள் அவ்வளவு செல்வாக்காக இருந்தார்கள். சிகுவென்சாவிலும் உண்டு, மிகவும் பாழாகிக் கிடந்ததை 1970-களில் எழுப்பி ஹோட்டலாக்கினார்கள். ஹாயேனில் இருப்பது 1965-இல் கோட்டைக்குப் பக்கத்திலேயே கோட்டை மாதிரி கட்டிய புதுக் கட்டடம். பித்தன் ஐயா அங்கே தூங்க மாட்டார்.

வரலாற்றுப் பித்தன்

மாட்டேன்.

தூரதேசி

முடிவெடுத்துவிட்டோம். அல்மொதோவாருக்கே போகிறோம். லொவார்ரேயை இன்னொரு பயணத்துக்கு வைத்திருக்கிறேன், அப்போது மைத்துனரே கார் ஓட்டட்டும். அதே நாளில் பக்கத்தில் வேறு ஏதாவது பார்க்க முடியுமா? காலையில் கிளம்பிவிடுவோம்.

வரலாற்றுப் பித்தன்

அப்படியானால் மதீனா அசஹாராவைச் சேருங்கள். கொர்தோபாவுக்கு மேற்கே சில கிலோமீட்டர், அல்மொதோவார் போகும் பக்கம்தான். கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். எழுபது, எண்பது வருடத்துக்குள் உள்நாட்டுச் சண்டையில் சூறையாடப்பட்டுப் பாழானது. 1911 முதல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், 2018-இல் உலக மரபுச் சின்னமானது. அங்கே சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான செதுக்குக்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, இடம் தெரிந்ததை மட்டும் சுவரில் ஏற்றுகிறார்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதை முதலில் பாருங்கள், பிறகு அல்மொதோவார் ஏறுங்கள். ஒரே நாளில் இரண்டு வழியும் தெரிந்துவிடும்.

கொர்தோபாவாசி

நல்ல யோசனை. சொந்த வண்டியில் போனாலும் கீழே அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டு அவர்கள் விடும் பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. எந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மதீனா அசஹாரா மூடியிருக்கும்.

தூரதேசி

நாங்கள் போட்டிருந்தது திங்கட்கிழமைதான். செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன்.